சீன ஆலையில் கேட்க வேண்டிய கேள்விகள்: ஃபிளாஸ்க் வாங்கச் செல்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீனாவின் குவாங்சோ நகரில் 1957-ஆம் ஆண்டு தொடங்கிய காண்டன் வணிகக் கண்காட்சி, இன்று ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலுமாக ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதன்முறை அங்கே செல்லும் நம் ஊர்ச் சிறு வணிகர்கள் கடைதோறும் ஏறி இறங்கி, பெரும்பாலும் மூன்றே கேள்விகளைக் கேட்கிறார்கள். என்ன விலை, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், இந்தத் தரத்தில் தர முடியுமா என்பவை அவை. மூன்றாவது கேள்விக்கு எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான் வரும்: "மெய் வென்தி", அதாவது பிரச்சினையே இல்லை.

அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. வந்தவரை முகம் வாடாமல் அனுப்ப வேண்டும் என்ற மரியாதையும், ஆர்டர் உறுதியான பிறகு வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் அந்தப் பதிலில் கலந்திருக்கின்றன. குறை நம் கேள்வியில் இருக்கிறது. "ஆம்" என்று சொல்லி முடித்துவிடக்கூடிய எந்தக் கேள்வியும் நமக்கு எதையும் தெரிவிப்பதில்லை. பதிலாக ஓர் எண்ணோ, ஒரு தாளோ, ஓர் இயந்திரமோ, ஒரு தேதியோ வந்தே தீர வேண்டும் என்ற வகையில் கேள்வியை அமைக்க வேண்டும் என்பதே நான் பல ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

பொதுவாகப் பேசினால் பயனிருக்காது என்பதால், செஜியாங் மாகாணத்தின் யோங்காங் நகரில் பெருமளவில் தயாராகும் எவர்சில்வர் வெற்றிட ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கப்போவது கூசெனில் தயாராகும் விளக்காகவோ ஃபோஷானின் ஓடுகளாகவோ இருந்தால், பொருளின் பெயரை மாற்றி இதே வரிசையைப் பின்பற்றலாம்.

படி 1: விமானச் சீட்டு எடுக்கும் முன்

முதல் கேள்வியை ஆலையிடம் கேட்பதற்கு முன் நம் நாட்டுச் சட்டத்திடம் கேட்க வேண்டும். வீட்டு உபயோக ஃபிளாஸ்க்குகளுக்கும் வெப்பம் காக்கும் புட்டிகளுக்கும் இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ஆகவே இவற்றை விற்பனைக்காக இறக்குமதி செய்ய ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். பொம்மைகளுக்கு இதே போன்ற கட்டாயம் 1-1-2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) வெளிநாட்டு ஆலைகளுக்கென்று வைத்திருக்கும் தனித் திட்டத்தின் கீழ் ஆலை ஆய்வும் பொருள் சோதனையும் முடிந்த பிறகே உரிமம் கிடைக்கும். அந்த உரிமம் குறிப்பிட்ட முகவரியில் உள்ள குறிப்பிட்ட ஆலைக்கு மட்டுமே உரியது.

ஆகவே "உங்களிடம் பி.ஐ.எஸ். இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "உரிம எண் என்ன, எந்த ஆலை முகவரிக்கு, எந்தெந்த வகைகளுக்கும் கொள்ளளவுகளுக்கும் பெற்றது, எந்தத் தேதி வரை செல்லும்?" என்று கேளுங்கள். கிடைத்த எண்ணை உடனே பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். உரிமம் அண்ணன் தம்பி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்றோ, விண்ணப்பித்திருக்கிறோம், சரக்கு வருவதற்குள் கிடைத்துவிடும் என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் தேங்கும் கண்டெய்னருக்கு ஒவ்வொரு நாளும் ஏறும் வாடகையை எந்த லாபமும் ஈடுகட்டாது. இந்த ஆணைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பயணத்துக்கு முன் சுங்க வேலைகளைக் கவனிக்கும் உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம், பொருளின் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்.எஸ்.என். எண்ணைச் சொல்லி, இன்றைய நிலையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இலங்கையிலோ மலேசியாவிலோ இறக்குமதி செய்பவர்கள் தத்தம் நாட்டு விதிகளை வைத்து இதே வேலையைச் செய்ய வேண்டும்.

அத்துடன், வேண்டிய பொருளின் விவரத்தை ஒரே பக்கத்தில் எழுதிச் சீன மொழியிலும் பெயர்த்து எடுத்துச் செல்லுங்கள். எல்லாக் கடையிலும் அதே தாளை நீட்டினால்தான் விலைகளை ஒப்பிட முடியும். ஆளுக்கொரு விதமாக வாயால் சொல்லிவிட்டு விலையை ஒப்பிடுபவர் வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறார்.

படி 2: எதிரில் இருப்பவர் யார்?

தாமே ஆலை என்று சொல்பவர்களில் கணிசமானோர் வர்த்தக நிறுவனத்தார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. பத்து வகைப் பொருள்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்ப வேண்டியவருக்கு, செஜியாங்கின் யீவு மொத்தச் சந்தையில் உள்ள நல்ல வர்த்தகர் ஓர் ஆலையைவிடப் பயன்படுவார். ஆனால் வர்த்தகர் தம்மை ஆலையாகக் காட்டிக்கொண்டால், பழுது வரும் நாளில் நாம் பேச வேண்டிய ஆள் யார் என்பதே தெரியாமல் போகும்.

வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் எண்களும் எழுத்துகளுமாக 18 இடங்கள் கொண்ட ஒருங்கிணைந்த சமூக நன்மதிப்புக் குறியீடு (நிறுவனத்தின் அடையாள எண்), நிறுவப்பட்ட நாள், முகவரி, அனுமதிக்கப்பட்ட தொழில் எல்லை ஆகியவை இருக்கும். அந்த எண்ணைச் சீன அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். தொழில் எல்லையில் உற்பத்தி என்ற சொல் இல்லாமல் விற்பனையும் ஏற்றுமதி இறக்குமதியும் மட்டும் இருந்தால் அவர் வர்த்தகராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் பிறகு இவற்றைக் கேளுங்கள்: இந்த மாடலுக்கான அச்சு யாருக்குச் சொந்தம், இப்போது எந்த முகவரியில் இருக்கிறது? வெல்டிங் பிரிவில் எத்தனை பேர், பேக்கிங் பிரிவில் எத்தனை பேர்? ஏற்றுமதி ஆவணத்தில் ஏற்றுமதியாளராக யார் பெயர் வரும்? பணம் செல்லும் வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது? அச்சு, ஏற்றுமதி, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றுக்கும் ஒரே நிறுவனத்தின் பெயர் வந்தால் நல்லது. வேறு வேறு பெயர்கள் வந்தால் காரணம் கேளுங்கள். நேர்மையான காரணங்களும் இருக்கக்கூடும், ஆனால் அவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நாம் அறிந்திருக்க வேண்டும்.

படி 3: எதனால் செய்தது?

ஃபிளாஸ்க் வணிகத்தில் அதிகமானோர் ஏமாறும் இடம் இதுதான். 304 என்ற வகை எவர்சில்வரில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 201 என்ற மலிவு வகையில் நிக்கலைக் குறைத்து, அதற்கு ஈடாக மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பளபளப்பில் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை, ஆனால் உப்புக் காற்றையும் புளிப்பையும் தாங்குவதில் 201 பின்தங்கிவிடும்.

சட்டைப் பையில் காந்தம் வைத்துக்கொண்டு திரியும் வணிகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் பிரித்தறியக் காந்தம் உதவாது. 201-உம் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304 தகடுகூட வளைத்து இழுத்த இடங்களில் லேசாக ஒட்டும். மாங்கனீசு மிகுதியைக் காட்டும் சோதனைத் திரவம் சிறு குப்பியில் கிடைக்கிறது. ஒரு துளி விட்டதும் 201 சிவந்து காட்டும். கையடக்க எக்ஸ்-கதிர் உலோகப் பகுப்பாய்வுக் கருவி ஆலையில் இருந்தால் அது இன்னும் உறுதியானது.

"304-ஆ?" என்று மட்டும் கேட்டு நானே ஒருமுறை நட்டப்பட்டிருக்கிறேன். ஆம் என்றார்கள், விலைப்பட்டியலிலும் அப்படியே எழுதித் தந்தார்கள். சரக்கு சென்னைக்கு வந்து, கடற்கரையை ஒட்டிய கடைகளுக்குப் போன சில வாரங்களில் அடிப்பகுதியில் துருப்புள்ளிகள் கிளம்பின. உள்சுவர் 304-தான், வெளிச்சுவர் 201. செலவைக் குறைக்க இப்படிச் செய்வது இந்தத் தொழிலில் சகஜம் என்பதும், உணவு படும் சுவரைப் பற்றித்தான் நான் கேட்டதாக அந்த ஆலை எடுத்துக்கொண்டது என்பதும் பிறகே தெரிந்தது. அன்று முதல் என் தாளில் இந்தக் கேள்வி இப்படி இருக்கிறது: "உள்சுவர் எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர்? வெளிச்சுவர் எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர்? அடித்தட்டு எந்த வகை? மூடியில்லாமல் ஒரு ஃபிளாஸ்க் எத்தனை கிராம்?" கடைசிக் கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும் மிகவும் வலிமையானது. தகட்டின் கனத்தைக் குறைத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும், எடை பார்க்க ஒரு தராசு போதும்.

உருக்காலை தரும் தகட்டுச் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள உருக்கு எண் (ஒரே முறையில் உருக்கிய தொகுதியின் எண்) கிடங்கில் இருக்கும் சுருளின் அட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் பிளாஸ்டிக், சிலிகோன் வளையம், பூச்சு ஆகியவற்றுக்கு, உணவு படுவதற்கு ஏற்றவை என்று காட்டும் சோதனை அறிக்கை கேட்டால் உடனே ஒன்றை நீட்டுவார்கள். அதில் விண்ணப்பித்தவர் பெயர், மாடல் எண், தேதி மூன்றையும் படியுங்கள். வேறு நிறுவனத்தின் பெயரில் ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய அறிக்கையால் நமக்குப் பயனில்லை.

படி 4: ஆலைக்குள்

கண்காட்சிக் கடையில் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டால், அடுத்த சில நாள்களுக்குள் ஆலைக்கே போய்விடுங்கள். தேநீர் அறையில் உட்கார வைத்து மாதிரிகளைக் காட்டுவதிலேயே பாதி நாளைக் கழித்துவிடுவார்கள், அதை அன்போடு சுருக்கிக்கொண்டு, தகடு வந்து இறங்கும் இடத்திலிருந்து அட்டைப்பெட்டி ஏறும் இடம் வரை சரக்கு போகும் வழியிலேயே நடக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, இந்த வேலை இங்கேயே நடக்கிறதா, வெளியே போகிறதா என்று கேளுங்கள். பாலிஷ் போடுவதையும் பூச்சையும் பல ஆலைகள் வெளியே கொடுக்கின்றன. கொடுப்பது குற்றமில்லை, யாரிடம், எத்தனை நாளில், திரும்பி வந்ததும் யார் சோதிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

உற்பத்தித் திறனை ஒருபோதும் "மாதம் எத்தனை?" என்று கேட்காதீர்கள், நீங்களே கணக்கிடுங்கள். ஃபிளாஸ்க்கின் உயிர் இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம், அதை உருவாக்கும் உலைதான் பெரும்பாலும் ஆலையின் குறுகிய வாசல். எத்தனை உலைகள், ஒரு முறைக்கு எத்தனை ஃபிளாஸ்க்குகள் கொள்ளும், ஒரு சுற்றுக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக 2 உலைகள், முறைக்கு 1,200, சுற்றுக்கு 8 மணி நேரம் என்றால் நாளுக்கு 7,200, மாதத்தில் 26 நாளுக்கு 1,87,200. விற்பனைப் பெண் மாதம் 5 லட்சம் என்று சொல்லியிருந்தால், மீதியெல்லாம் நமக்குத் தெரியாத வேறு எங்கோ செய்யப்படும் என்று பொருள்.

தரச் சோதனைப் பிரிவில் அதிக நேரம் நில்லுங்கள். வெற்றிடத்தை எல்லாவற்றிலும் சோதிக்கிறீர்களா, சிலவற்றில் மட்டுமா? உட்புறத்தைச் சூடேற்றி வெளிச்சுவரின் வெப்பம் ஏறுகிறதா என்று பார்ப்பது எந்த இடத்தில், யார்? முதல் சோதனையில் தேறியவற்றைச் சில நாள் வைத்திருந்து மறுபடியும் சோதிக்கிறீர்களா? மெதுவாகக் கசியும் வெல்டு முதல் நாளில் பிடிபடாது என்பதால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பிறகு, "நேற்று கழித்த ஃபிளாஸ்க்குகளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் ஆலையில் கழிவுக் கூடை இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் காரணம் எழுதியிருக்கும், அருகில் பதிவேடும் இருக்கும். எங்களிடம் கழிவே கிடையாது என்று பெருமையாகச் சொல்லும் ஆலையில், கழிய வேண்டியவை நம் பெட்டிக்குள் போகின்றன.

இந்தக் கேள்விகளை விற்பனையாளரிடம் கேட்பதைவிடத் தரப் பிரிவின் தலைவரிடம் கேட்பது மேல். அவர் பெயரையும் தொடர்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையில் இருப்பவர்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள். மொழிபெயர்ப்பாளரை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள். ஆலை தரும் மொழிபெயர்ப்பாளர் சங்கடமான கேள்வியை மென்மையாக்கிக் கேட்பார், சங்கடமான பதிலையும் மென்மையாக்கித் தருவார். எண்களை மட்டும் யார் மூலமாகவும் கேட்காதீர்கள். கால்குலேட்டரிலோ தாளிலோ அவரையே எழுதச் சொல்லுங்கள்.

படி 5: மாதிரியும் அச்சும்

மாதிரியைப் பற்றி ஒரே கேள்விதான் முக்கியம்: இது உற்பத்தி வரிசையில் செய்ததா, மாதிரி அறையில் கைவேலையாகச் செய்ததா? பிந்தையது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நாம் ஒப்புக்கொண்ட இறுதி மாதிரியை மூன்றாகச் செய்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒன்றை ஆலையும் ஒன்றை நாமும் ஒன்றைச் சோதனை செய்யப்போகும் நிறுவனமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சொந்த வடிவ மூடிக்கு அச்சு செய்வதானால், அச்சு எந்த வகை எஃகில், எத்தனை குழிகளுடன், எத்தனை லட்சம் வார்ப்புகளுக்கு உறுதி என்று கேளுங்கள். பணம் முழுவதும் நாம் கொடுத்தால் அது நமக்குச் சொந்தம் என்பதையும், கேட்கும்போது வேறு ஆலைக்கு எடுத்துச் செல்லலாம் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். வணிகப் பெயரைச் சீனாவில் முதலில் பதிபவருக்கே உரிமை என்ற முறை இருப்பதால், உங்கள் பிராண்டை அங்கே பதிவு செய்துவிட்டு ஆலையிடம் காட்டுவது நல்லது.

படி 6: விலையின் உள்ளே என்ன இருக்கிறது?

விலை கேட்கும்போது இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எஃப்.ஓ.பி. நிங்போ என்றால் யோங்காங்குக்கு அருகிலுள்ள அந்தப் பெரிய துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையுள்ள செலவு ஆலையுடையது, எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் ஆலை வாசலிலிருந்தே நம்முடையது. சி.ஐ.எஃப். சென்னை (காப்பீடும் சென்னை வரையான கப்பல் கூலியும் சேர்ந்தது) என்று மலிவாகத் தெரியும் விலையில், குறிப்பாகச் சில பெட்டிகளை மட்டும் அனுப்பும்போது, கப்பல் கூலியை ஆலைப் பக்கத்து ஏஜென்ட் குறைத்துக் காட்டி, சரக்கு சென்னையில் இறங்கியபின் பல தலைப்புகளில் நம்மிடம் வசூலிப்பது உண்டு. அதனால் நான் எப்போதும் எஃப்.ஓ.பி. விலையில் வாங்கி, கப்பல் ஏற்பாட்டை நம் ஊர் ஏஜென்டிடமே விட்டுவிடுகிறேன்.

உள்பெட்டி, அட்டைப்பெட்டி, தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட லேபிள் ஆகியவை விலையில் அடக்கமா? ஒரு பெட்டியின் நீள அகல உயரம் என்ன? இருபதடி கண்டெய்னரில் நடைமுறையில் சுமார் 28 கனமீட்டர் சரக்குதான் ஏறும் என்பதால், பெட்டியின் அளவு தெரியாமல் அடக்கவிலை கணக்கிட முடியாது. பத்து விழுக்காடு விலைக்குறைப்பு கேட்டு அவர் உடனே சம்மதித்தால், "எதைக் குறைத்து இந்த விலைக்கு வருகிறீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். தகட்டின் கனம் குறையுமானால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பணத்தில் வழக்கமான முறை 30 விழுக்காடு முன்பணம், 70 விழுக்காடு மீதி. மீதி எப்போது என்பதில்தான் நம் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. சோதனை அறிக்கை நமக்குத் திருப்தியாக வந்தபின், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) நகலைக் கண்டு செலுத்துவோம் என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆர்டரில் ஏற்றுமதிக்கு முன்பே முழுப்பணம் வேண்டும் என்று ஆலை சொல்வதும் இயல்பு. அப்போதும் சோதனைக்குப் பிறகே என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பவே கூடாது. கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அது ஆலையின் அஞ்சலைத் திருடியவர் எழுதியதாக இருக்கக்கூடும். முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் உறுதிசெய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

படி 7: எந்த நாளிலிருந்து முப்பது நாள்?

"முப்பது நாளில் தருகிறோம்" என்றால் முன்பணம் வந்த நாளிலிருந்தா, மாதிரி ஒப்புதலிலிருந்தா, லேபிள் வடிவம் உறுதியான நாளிலிருந்தா என்று கேளுங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வரும். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட, ஆலை இரண்டு மூன்று வாரம் மூடிக்கிடக்கும், போனவர்களில் சிலர் திரும்பாமலும் போவார்கள். விடுமுறைக்கு முந்தைய அவசரத்திலும் பிந்தைய புதிய கைகளிலும் செய்த சரக்கை நான் தவிர்க்கவே முயல்வேன். அக்டோபர் முதல் வாரமும் தேசிய விடுமுறை.

படி 8: பழுதானால்?

இதை முகத்துக்கு நேரே கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். நல்ல ஆலை இந்தக் கேள்வியால் நம்மை மதிக்கத் தொடங்கும். ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற மாதிரியெடுப்பு அட்டவணையை ஏற்றுமதி ஆலைகள் நன்கு அறியும். 3,000 ஃபிளாஸ்க்குகள் கொண்ட சரக்கில், வழக்கமான இரண்டாம் பொது நிலையில் 125 எடுத்துச் சோதிப்பார்கள். பெரிய குறைக்கு 2.5 என்ற ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) வரம்பு வைத்தால் 7 வரை ஏற்கலாம், 8 ஆனால் சரக்கு நிராகரிக்கப்படும். சிறிய குறைக்கு 4.0 வைத்தால் அது 10-உம் 11-உம் ஆகும். ஆனால் எது பெரிய குறை, எது சிறியது என்பதை அட்டவணை சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். வெற்றிடமின்மை, கசிவு, உட்புறத் துரு ஆகியவற்றைப் பெரியவற்றில் சேருங்கள். கூர்விளிம்பு போலக் கையை அறுக்கும் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நிராகரிக்கப்பட்டால் சீர்செய்யும் செலவும் மறுசோதனைச் செலவும் யாருடையவை? இங்கே வந்தபின் தெரியும் பழுதுக்கு என்ன ஈடு? "அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம்" என்ற பதில் நம்மை அதே ஆலையோடு கட்டிப்போடும் என்பதால், பணமாகத் திரும்ப வருமா, எத்தனை நாளில் என்று கேளுங்கள். சரக்கைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே முதல் ஆர்டரிலேயே 2 விழுக்காடு மூடிகளையும் வளையங்களையும் உதிரியாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 9: அன்றிரவே எழுதுங்கள்

ஒரு நாளில் மூன்று ஆலைகளைப் பார்த்தால், மறுநாள் காலையில் எந்தப் பதில் யாருடையது என்பது கலங்கிவிடும். விடுதிக்குத் திரும்பியதும், கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் எளிய வாக்கியங்களில் எழுதி, "இன்று நாம் பேசியவை இவை, தவறிருந்தால் திருத்துங்கள்" என்று ஆலைக்கு அனுப்புங்கள். நேரில் எளிதாகத் தலையாட்டியவர், எழுத்தில் வந்ததும் வெளிச்சுவரின் வகையைத் திருத்துவார், நாள்களைக் கூட்டுவார். அந்தத் திருத்தங்கள்தான் பயணத்தின் உண்மையான விளைச்சல். திருத்திய வடிவத்தைச் சீன மொழியிலும் ஒப்பந்தமாக்கி, நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரையைப் பெறுங்கள். அங்கே தனிநபரின் கையெழுத்தைவிட அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு. முத்திரையில் உள்ள பெயர், வணிக உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் உள்ள சீன எழுத்துகளோடு ஒன்றொன்றாகப் பொருந்துகிறதா என்று சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே முப்பது விழுக்காட்டை அனுப்புங்கள்.